போராட்டம் எதை அசைக்கிறது?



மக்களின் நல்லெண்ணத்தை இழந்துவிட்ட ஓர் அரசை, விடாமல் நடக்கும் மக்கள் போராட்டம் கட்டுக்குள் வைக்குமா என்பது இந்தக் கருத்தரங்கு எடுத்துக்கொண்ட கேள்வி. விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. இந்தக் காஞ்சிபுரம் மாவட்டமே இரண்டு சான்றுகளைத் தருகிறது. பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்காக 13 கிராமங்களில் 5,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் தேர்வானதை எதிர்த்து, ஏகனாபுரம் மக்கள் 2022 ஜூலை இறுதியில் போராடத் தொடங்கினார்கள். பகலில் வயல் வேலை, பொழுது சாய்ந்ததும் ஊர் நடுவே கூட்டம் என்று அது நடந்தது. கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டார்கள்; 2024 மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். போராட்டம் ஆயிரம் நாளைத் தொட்ட 2025 ஏப்ரலில் அவர்களுக்குக் கிடைத்தது, திட்டத்துக்கு மத்திய அரசு கொள்கையளவில் ஒப்புதல் அளித்துவிட்டது என்ற செய்திதான். மறுபக்கம் சுங்குவார்சத்திரம். சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் வைக்கும் உரிமை கேட்டு 2024 செப்டம்பர் 9 அன்று வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். காவல்துறை பந்தலைப் பிரித்தது, கைது செய்தது. ஆனாலும் 37 நாள்களில் அமைச்சர்கள் முன்வந்து பேசி முடித்தார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. ஒரே மாவட்டம், ஒரே மாநில அரசு. ஆயிரம் நாளில் அசையாத அரசு, 37 நாளில் ஏன் அசைந்தது?

போராட்டத்தின் வலிமையை நாள்கணக்கால் அளக்கும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. நூறாவது நாள், ஐந்நூறாவது நாள் என்று நாளிதழ்கள் எண்ணுகின்றன. சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறு ஒரு போக்கு தெரிகிறது. 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. மூன்றாம் நாளே நிறுத்திவைக்கப்பட்டது. மே நாளன்று திரும்பப் பெறப்பட்டது. பெரும்பான்மைக்குக் குறைவில்லாத அரசு அது. ஆனால் கம்யூனிஸ்ட் கட்சிகள், விடுதலைச் சிறுத்தைகள், காங்கிரஸ் என்று அதன் கூட்டணிக் கட்சிகளே அவையை விட்டு வெளியேறியிருந்தன. மேலூர் வட்டத்து அரிட்டாபட்டிப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் 2024 நவம்பரில் முடிவானது; 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு அதை ரத்து செய்தது. அங்கே ஊர் மக்கள் மட்டுமா எதிர்த்தார்கள்? சட்டமன்றம் தீர்மானம் போட்டது. மத்தியில் ஆளும் கட்சியின் மாநிலத் தலைவர்களே ஊர்க்காரர்களை அழைத்துக்கொண்டு டெல்லிக்குப் போனார்கள். நெசவு ஊர்க்காரர்களுக்கு நினைவிருக்கும் இன்னொன்று: 2022 புத்தாண்டு முதல் துணிகளுக்கான ஜிஎஸ்டியை 5 விழுக்காட்டிலிருந்து 12 ஆக உயர்த்தும் முடிவு, அதற்கு முந்தைய நாளான டிசம்பர் 31 அன்று தள்ளிவைக்கப்பட்டது. தமிழ்நாடும் மேற்கு வங்கமும் எதிர்த்தது வியப்பில்லை; குஜராத்தும் சேர்ந்து எதிர்த்தது. அதே முடிவில் இடம்பெற்ற காலணிக்காகப் பேச அப்படி ஆளில்லை. அதன் வரி சொன்ன நாளில் உயர்ந்தது.

ஆக, இந்த வெற்றிகளெல்லாம் சில நாள்களிலோ சில மாதங்களிலோ முடிந்தவை. நீண்டு கிடப்பவை பெரும்பாலும் இன்னும் வெல்லாதவை. இதைச் சொல்வது நெடுநாள் போராடுவோரைச் சிறுமைப்படுத்துவதாகாது. அரசு என்பது ஒற்றைக் கல் இல்லை. கூட்டணி, கட்சிக்குள் உள்ள அணிகள், அதிகாரிகள், முதலீடு செய்வோர், வாக்காளர் என்று பலர் தாங்குவதால் நிற்பது அது. போராட்டம் இவர்களில் ஒரு சாராரை நகர்த்தினால் அரசு இறங்கி வருகிறது; நகர்த்தாவிட்டால் அரசு காத்திருக்கிறது, காத்திருப்பதற்கு அதற்குச் செலவே இல்லை. என் வாதம் இவ்வளவுதான். எரிக்கா செனோவெத், மரியா ஸ்டீபன் இருவரும் 1900 முதல் 2006 வரையிலான 323 இயக்கங்களை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட நூல், வன்முறையற்ற இயக்கங்களில் பாதிக்கு மேற்பட்டவை வென்றன என்றும், ஆயுதம் ஏந்தியவற்றில் கால்பங்கு அளவே வென்றன என்றும் கண்டது. அவர்கள் சொல்லும் காரணமும் இதற்கு நெருங்கியதே: பலதரப்பட்டவர்கள் சேரும்போது ஆட்சியைத் தாங்குவோரின் விசுவாசம் ஆட்டம் காண்கிறது. ஆனால் அந்நூல் ஆட்சியை வீழ்த்தவும் நாட்டு விடுதலைக்கும் எழுந்த இயக்கங்களைப் பற்றியது. தேர்தலில் வென்று வந்த அரசின் ஒரு கொள்கையைத் தடுப்பதற்கு அந்தக் கணக்கை அப்படியே எடுத்தாள்வது, நம் ஆய்வேடுகளில் அடிக்கடி காணும் அவசரம்.

நமக்கு அருகிலுள்ள வரலாறு இன்னும் நுணுக்கமாகப் பேசுகிறது. 1938 பிப்ரவரியில் இந்தக் காஞ்சியில் இந்தி எதிர்ப்பு மாநாடு கூடியது. ஏப்ரலில் ராஜாஜி அரசு பள்ளிகளில் கட்டாய இந்திக்கு ஆணையிட்டது. தொடர்ந்த மறியல்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றார்கள். நடராசனும் தாளமுத்துவும் 1939இல் சிறைக்காவலில் மாண்டார்கள். அப்போதும் ஆணை அசையவில்லை. அந்த அமைச்சரவை 1939 அக்டோபரில் பதவி விலகியது வேறு காரணத்துக்காக: இந்தியாவைக் கேளாமல் பிரிட்டன் போரில் இறக்கியதற்காக. ஆணையை 1940 பிப்ரவரியில் நீக்கியவர் ஆளுநர். எனவே 1938 போராட்டம் ராஜாஜி அரசைப் பணியவைத்தது என்று மேடையில் முழங்குவது வரலாற்றுக்குப் பொருந்தாது. பதினைந்து ஆண்டுகள் கழித்து அதே ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தின் கதை வேறு. பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் தகப்பன் தொழில் என்ற அத்திட்டம், குலக்கல்வி என்ற பெயரோடு ஊர் ஊராக எதிர்ப்பைச் சந்தித்தது. தறிக்குழியில் இறங்கிய பிள்ளை அங்கேயே நின்றுவிடும் என்பதை நெசவாளர் தெருக்களில் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 1953 ஜூலையில் திராவிட முன்னேற்றக் கழகம் இத்திட்டத்தையும் ஒரு முனையாகக் கொண்டு மும்முனைப் போராட்டம் நடத்தியது. அதே மாதம் சட்டமன்றத்தில் இத்திட்டத்தின் மீது வாக்குகள் சரிபாதியாகப் பிரிந்தன. காங்கிரசுக்குள்ளேயே அதிருப்தி முற்றியது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானார். மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது. தலைமை ஒருவரே, எதிர்த்தவர்களும் ஏறக்குறைய அவர்களே. முன்னதில் ஆளுங்கட்சி ஒன்றாக நின்றது, பின்னதில் பிளந்தது.

1965இல் தெருப் போராட்டமும் ஆளுங்கட்சிப் பிளவும் சேர்ந்தே நடந்தன. இந்தி எதிர்ப்பு மாணவர் கிளர்ச்சியைத் துப்பாக்கியால் அடக்கப் பார்த்த வாரங்களில் தெரு மட்டும் கொதிக்கவில்லை. பிப்ரவரி 11 அன்று சி. சுப்பிரமணியமும், செங்கல்பட்டுத் தொகுதியின் மக்களவை உறுப்பினரான ஓ.வி. அளகேசனும் மத்திய அமைச்சர் பதவியிலிருந்து விலகல் கடிதம் கொடுத்தார்கள். அன்றே பிரதமர் சாஸ்திரி வானொலியில், ஆங்கிலம் தொடரும் என்ற நேருவின் உறுதிமொழியை மீண்டும் உறுதிசெய்தார். அது 1967 டிசம்பரில் ஆட்சிமொழிகள் சட்டத் திருத்தமாயிற்று. அந்த ஆண்டுத் தேர்தலில் முதலமைச்சர் பக்தவத்சலம் தோற்ற இடம் ஸ்ரீபெரும்புதூர். இந்த அவைக்கு ஒரு பேருந்துப் பயணத் தொலைவு. 1967 தோல்விக்கு அரிசித் தட்டுப்பாடும் விலைவாசியும் காரணமாயிற்றே, எல்லாவற்றையும் மொழிப் போராட்டத்தின் கணக்கில் எழுதலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எழுதக் கூடாதுதான். பசி ஆட்சியின் மேல் கோபத்தைத் தருகிறது. அந்தக் கோபம் யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்பதைப் பசி சொல்லாது. 1938 முதல் பிரசுரம், படிப்பகம், நாடகம், கிளைக்கழகம் என்று கட்டப்பட்ட ஓர் அமைப்பு ஊர்தோறும் இருந்ததால் கோபம் வாக்காகியது. உடனே பலிக்காத போராட்டத்தின் பயன் இங்கேதான் இருக்கிறது: அது ஆட்களையும் அமைப்பையும் விட்டுச்செல்கிறது.

அமைப்பில்லாத எழுச்சி எப்படி முடியும் என்பதற்கு இலங்கை அருகில் இருக்கிறது. 2022 ஏப்ரலில் கொழும்பின் காலிமுகத்திடலில் கூடாரம் அடித்தவர்கள் ஜூலை 9 அன்று குடியரசுத் தலைவர் மாளிகைக்குள் நுழைந்தார்கள். குடியரசுத் தலைவர் கோட்டாபய நாட்டை விட்டு ஓடி, பதவி விலகினார். எழுச்சியின் தொடக்க நாள்களிலேயே ஆளுங்கூட்டணியின் உறுப்பினர்கள் சுமார் 40 பேர் தனித்து நிற்கப் போவதாக அறிவித்திருந்ததை நாம் கவனிக்க வேண்டும். ஆனால் ஜூலை 20 அன்று அதே நாடாளுமன்றம் ரணிலை அந்தப் பதவிக்குத் தேர்ந்தெடுத்தது. இரண்டு நாளில் படையினர் விடியுமுன் வந்து கூடாரங்களைப் பிரித்தெறிந்தார்கள். தெரு ஓர் ஆளை இறக்கியது. அடுத்தவரை ஏற்ற அதனிடம் வழி இருக்கவில்லை. அந்தக் கோபம் ஆட்சிமாற்றமாக 2024 தேர்தல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பல்லாண்டுக் கட்சி அமைப்பு வைத்திருந்தவர்களே அதை அறுவடை செய்தார்கள். அதே தீவில், 2017 பிப்ரவரி 20 முதல் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் கிளிநொச்சியில் தொடர்ந்து போராடினார்கள். உறுதியில் அவர்களைவிட மேலான போராட்டத்தை நான் அறியேன். கொழும்பில் எந்த ஆட்சி வந்தாலும் அந்தத் தாய்மாரின் ஆதரவை நம்பி அது நிற்பதில்லை. உண்மை அவர்கள் பக்கம் இருந்தும் அரசு அசையாததற்கு இதைவிடக் கசப்பான விளக்கம் தேவையில்லை.

நெடுநாள் போராடும் வசதி யாருக்கு உண்டு என்ற கேள்வியை ஆய்வுலகம் போதிய அளவு கேட்டதில்லை. காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் தறியை வீட்டிலேயே வைத்திருக்கிறார். பாவும் பட்டும் ஜரிகையும் முதலாளியிடமிருந்தோ கூட்டுறவுச் சங்கத்திலிருந்தோ வருகின்றன. பலர் வாங்கிய முன்பணத்துக்குக் கட்டுப்பட்டிருக்கிறார்கள். ஆலை வாசலில் ஆயிரம் பேர் கூடுவதைப் போல அவர்கள் கூட முடியாது. தறி நின்றால் நட்டம் அரசுக்கில்லை, வீட்டுக்குத்தான். 1985இல் கைத்தறிக்கு என்று சில ரகங்களை ஒதுக்கிச் சட்டம் வந்தது. 1993இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. தொடக்கத்தில் 22 ஆக இருந்த ரகங்கள் 1996இல் 11 ஆகக் குறைந்தபோது நாட்டில் பெரிய அதிர்வு எழவில்லை. விசைத்தறிப் போலிகளைக் கண்காணிக்கும் வேலையும் ஏட்டளவில் நின்றது. வென்ற சட்டத்தைக் காவல் காக்க ஆளில்லையென்றால் அது சத்தமில்லாமல் சுருங்கும்.

இவ்வளவுக்கும் எதிராக ஒரு வலுவான மறுப்பு உண்டு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் தீர்ப்புச் சொல்கிறார்கள். இடையில் திரண்டவர்களெல்லாம் திட்டங்களை மறிக்கலாம் என்றால், சென்னைக்கு விமான நிலையமும் வராது, சாலையும் வராது. உரக்கக் கத்தத் தெரிந்தவர்களின் ஆட்சியாகிவிடும் என்பது அது. இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. மீனம்பாக்கம் விமான நிலையத்தில் நெருக்கடி இருப்பது உண்மை. ஆனால் வாக்குச்சீட்டில் ஒரு கட்சியின் நூறு முடிவுகளையும் மொத்தமாகத்தான் ஏற்கவோ தள்ளவோ முடியும். 13 கிராமங்களின் வாக்கு ஒரு சட்டமன்றத் தொகுதியில்கூடச் சிறுபான்மை. அவர்களுக்கு இருந்திருக்க வேண்டிய வாயில் சட்டம். 2013ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. பரந்தூரில் நிலம் எடுக்கப்படுவது தமிழகத்தின் 1997ஆம் ஆண்டுத் தொழில் நோக்கச் சட்டப்படி. அதில் அந்த மதிப்பீடு கிடையாது. மாநிலம் அச்சட்டத்துக்கு 2019இல் புத்துயிர் கொடுத்தது, 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. கிராம சபைத் தீர்மானத்துக்கும் அரசைக் கட்டுப்படுத்தும் வலு இல்லை. ஏரிகள் என்னவாகும், கம்பன் கால்வாய் எங்கே போகும் என்ற கேள்விகளைக் குடியானவர் உரிமையோடு எழுப்பும் மன்றத்தை மூடிவிட்டு, தெருவில் ஏன் கேட்கிறாய் என்பது முறையாகாது. போராட்டம் கேட்பது காரணம் சொல்லும் கடமையை. திட்டத்தை முற்றாக ஒழிக்கும் அதிகாரத்தை அதற்குத் தர வேண்டும் என்று நானும் சொல்லமாட்டேன்.

முதலில் கேட்ட கேள்விக்கு என் விடை இது. சுங்குவார்சத்திரத்தில் உற்பத்தி நின்றது, முதலீட்டுக்குப் பேர்போன மாநிலம் என்ற பெயருக்கு ஊறு வந்தது, கூட்டணிக் கட்சிகள் தொழிலாளர் பக்கம் நின்றன. பரந்தூரில் மாநில அரசும் மத்திய அரசும் ஒரே பக்கம் நின்றன. சென்னை நகரத்தார் பயன்பெறுபவர்கள், எனவே பேசவில்லை. தேர்தல் புறக்கணிப்பு கிராமத்தின் மானத்தைக் காட்டியது. அரசியல் கணக்கில் அது தன் கையிலிருந்த ஒரே நாணயத்தைச் செலவழிக்காமல் வைத்ததற்கு ஒப்பு என்றே கருதுகிறேன். கட்சித் தலைவர்கள் வந்து பார்த்தது செய்தியாயிற்று. அது கூட்டணிக்குள் விரிசலாகவில்லை. இந்தத் தீர்ப்போடு மாறுபடுவோர் இந்த அவையிலேயே இருப்பார்கள். அவர்கள் கட்டுரைகளைக் கேட்க ஆவலாக இருக்கிறேன்.

அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தப் போராட்டங்களைப் பற்றி நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் நாளிதழ்ச் செய்திகளும் காவல்துறை வழக்குகளும்தான். கிராம சபைத் தீர்மானங்கள், துண்டறிக்கைகள், சங்கத்தின் மனுக்கள், நெசவாளர் கூலி ஒப்பந்தங்கள், பேச்சுவார்த்தைக் குறிப்புகள் எல்லாம் வீட்டுப் பெட்டிகளில் கிடந்து செல்லரிக்கின்றன. ஆய்வு மாணவர்கள் ஊருக்கு ஒருவராகப் போய் அவற்றைப் படியெடுத்துக் காக்க வேண்டும். யார் எப்போது பக்கம் மாறினார்கள் என்பதை அந்தத் தாள்களிலிருந்துதான் எழுத முடியும். அந்தப் பணிக்குரிய திட்டத்தை நாளைய நிறைவு அமர்வில் முடிவுசெய்யுமாறு கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.