படம் விட்ட பிறகு பேசுவோம்



இந்த மயிலாப்பூர் மன்றத்தில் திரைப்பட ரசனை பற்றிப் பேசச் சொன்னீர்கள். அந்தப் பெரிய விஷயத்தில் ஒரு மூலையை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். இரண்டு பேர் சேர்ந்து ஒரு படத்துக்குப் போகிறார்கள். படம் விடுகிறது. நடந்துகொண்டே பேசுகிறார்கள். அந்தப் பேச்சைப் பற்றித்தான் இன்று என் பேச்சு. தமிழ் சினிமாவுக்கு நல்ல விமர்சனம் வேண்டும் என்று மேடைதோறும் கேட்கிறோம். அந்த விமர்சனம் பத்திரிகை அலுவலகத்தில் பிறப்பதில்லை, படம் விட்ட தெருவில்தான் பிறக்கிறது என்பது என் கட்சி.

நமக்கு இதில் பழைய பரம்பரை உண்டு. 1935-ல் 'பக்த நந்தனார்' வந்தது. கே.பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் என்று ஊரே பேசிய படம். ஆனந்த விகடனில் கல்கி அதற்கு விமர்சனம் எழுதினார். நடிப்புக்கான பாராட்டைப் பனைமரத்துக்கும் எருமைக்கும் கொடுத்தார்! படித்தவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ஒரு கூர்மையான கேள்வி இருந்தது. நாடக மேடையில் நிற்பது போலவே காமிரா முன்னாலும் நிற்கலாமா என்ற கேள்வி அது. தமிழ் பேசும் படம் பிறந்து நாலே வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த வயதிலேயே அந்தக் கேள்வியைக் கேட்ட ஊர் இது.

இன்னொருவரைச் சொல்ல வேண்டும். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் ஒரு மாணவர், எம்.ஜி.ஆர். மேடையில் அமர்ந்திருக்க, அவர் முன்னிலையிலேயே தமிழ் சினிமாவின் பொய்களைக் கண்டித்துப் பேசினார். எம்.ஜி.ஆர். கோபப்படவில்லை, பாராட்டினார். பின்னாளில் அதே இளைஞரைச் சென்னைக்கு அழைத்து, 'பொன்னியின் செல்வ'னுக்குத் திரைக்கதை எழுதச் சொன்னார். அந்த இளைஞர் சோவின் துக்ளக் பத்திரிகையில் சினிமா விமர்சனமும் எழுதினார். பிறகு 1978-ல் 'முள்ளும் மலரும்' எடுத்தார், 1979-ல் 'உதிரிப்பூக்கள்' எடுத்தார். ஆம், இயக்குநர் மகேந்திரன். எது வேண்டாம் என்று பல வருஷம் வாய்விட்டுச் சொன்னவர், எது வேண்டும் என்பதைப் படமாகக் காட்டினார். அவர் படங்களில் உள்ள மௌனம் அந்த விமர்சனத்திலிருந்து வந்தது என்றே நான் நம்புகிறேன்.

'உதிரிப்பூக்கள்' என்றதும் என் நண்பனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மந்தைவெளிக்காரன். நாங்கள் சேர்ந்து பார்க்கும் படங்களில் பாதிக்குமேல் சண்டையில்தான் முடியும். உங்களில் பலர் இந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். விஜயன் நடித்த சுந்தரவடிவேலு, ஊரில் பள்ளிக்கூடத்தை நடத்துகிறவன், மனைவியை அணு அணுவாக வதைப்பவன். அவள் இறக்கிறாள். அவன் மறுமணம் செய்துகொள்கிறான். கடைசியில் மனைவியின் தங்கையையும் மானபங்கப்படுத்துகிறான். ஊர் பொங்கி எழுந்து அவனை ஆற்றுக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. தண்ணீரில் இறங்குமுன் அவன் ஊராரைத் திரும்பிப் பார்த்து, நான் செய்ததிலேயே பெரிய பாவம் உங்களையும் என்னைப் போல ஆக்கியதுதான் என்ற பொருளில் பேசிவிட்டுப் போகிறான்.

என் கட்சி, அது நியாயமான தண்டனை. சட்டம் எட்டாத இடத்தில் ஊர் கொடுத்த தீர்ப்பு. நண்பன் ஒப்பவே இல்லை. லஸ் முனையிலிருந்து மாட வீதி வரை நடந்தோம். "நீ அவனையே பாத்துண்டிருந்தே. நான் அந்த ஜனங்க முகத்தைப் பாத்தேன். நேத்திக்கு வரைக்கும் சாதுவா இருந்தவங்கடா. அவங்க கெட்டுப்போனதுதான் இந்தப் படத்தோட சோகம்" என்றான். அப்படியானால் செத்துப்போன அந்தப் பெண்ணுக்கு யார் பதில் சொல்வது என்று நான் கேட்டேன். அவன் அந்தக் குழந்தைகளைக் காட்டினான். அப்பனும் போன பிறகு ஆற்றங்கரையில் நிற்கிற அந்த இரண்டு குழந்தைகளுக்கு ஊர் கொடுத்த நியாயம் என்ன என்று கேட்டான். இன்றுவரை இதில் நாங்கள் ஒத்துப்போகவில்லை. ஆனால் அதன் பிறகு அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் தானாக ஊர் ஜனங்களின் முகத்துக்குப் போகிறது. இன்னொருவன் கண்ணையும் இரவல் வாங்கிக்கொண்டு பார்க்கிறேன். எந்தப் புத்தகமும் எனக்கு இதைச் செய்ததில்லை.

இப்படிச் சேர்ந்து பார்த்துப் பேசுவதற்கென்றே கல்கத்தாவில் 1947-ல் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களோடு சேர்ந்து ஃபிலிம் சொசைட்டி தொடங்கினார்கள். படம் பார்த்தார்கள், விவாதித்தார்கள். எட்டு வருஷம் கழித்து 'பதேர் பாஞ்சாலி' வந்தது. 1959-ல் நாட்டின் ஃபிலிம் சொசைட்டிகள் ஒரு கூட்டமைப்பாக இணைந்தபோது ராய் தலைவர். அதைத் தொடங்கிய சங்கங்களில் நம் மெட்ராஸ் சங்கமும் ஒன்று. துணைத் தலைவர்களில் ஒருவர் நம் ஊரில் வாழ்ந்த அம்மு சுவாமிநாதன். அந்த மரபின் தொடர்ச்சியாகத்தான் கஸ்தூரி ரங்கன் சாலை ரஷ்யக் கலாசார மையத்திலும் நுங்கம்பாக்கத்து அலையான்ஸ் பிரான்சேஸிலும் ஒரு தலைமுறை உட்கார்ந்து உலகப் படம் பார்த்தது.

இன்று என்ன நடக்கிறது? முதல் காட்சி முடிந்து கதவு திறந்தவுடன் மூக்குக்கு நேரே மைக் நீளுகிறது. படம் எப்படி இருக்கு? பார்த்தவர் இன்னும் படிக்கட்டே இறங்கவில்லை. அவர் நெஞ்சில் படம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் அரை நிமிஷத்தில் தீர்ப்பு கேட்கிறார்கள். 2024-ல் தயாரிப்பாளர்கள் சங்கம் தியேட்டர் வளாகத்தில் இந்த மைக்கைத் தடுக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டது. முதல் மூன்று நாள் விமர்சனமே கூடாது என்று இன்னொரு சங்கம் உயர் நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றம் இடைக்காலத் தடை தரவில்லை. தராதது சரி என்பதே என் அபிப்பிராயம். காசு கொடுத்துச் சீட்டு வாங்கியவன் வாயைக் கட்ட எவருக்கும் உரிமை கிடையாது. அவசரப் பேச்சுக்கு மருந்து, நிதானமான பேச்சு ஊரில் பெருகுவதுதான்.

மதிப்பெண் போடுவதை நான் பழிக்கவில்லை. விகடன் '16 வயதினிலே'வுக்கு 62.5 மார்க் கொடுத்ததை இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறோம். ஆனால் அந்த மார்க் வந்த காலத்தில் அது ஒரு விவாதத்தின் ஆரம்பம். ஏன் அந்தப் படத்துக்கு இவ்வளவு, இந்தப் படத்துக்கு ஏன் குறைவு என்று ஆபீசில், பஸ்ஸில், சலூனில் பேசினார்கள். அமெரிக்காவில் சிகாகோவின் இரண்டு போட்டிப் பத்திரிகைகளின் விமர்சகர்கள், ஜீன் சிஸ்கலும் ரோஜர் ஈபர்ட்டும், 1975-ல் தொடங்கித் தொலைக்காட்சியில் அருகருகே உட்கார்ந்து ஒரே படத்துக்காகச் சண்டை போட்டார்கள். 1999-ல் சிஸ்கல் இறக்கும் வரை அது நடந்தது. கட்டைவிரலை உயர்த்துவதும் தாழ்த்துவதும் அவர்கள் கொடுத்த அடையாளம்தான். ஆனால் ஜனங்கள் வாராவாரம் உட்கார்ந்து கேட்டது, கட்டைவிரலுக்கு முன்னால் நடந்த அந்தச் சண்டையை.

நம் பேட்டையில் அந்தச் சண்டைக்கு இடமும் குறைந்துவிட்டது. லஸ்ஸில் காமதேனு இல்லை. கபாலி தியேட்டர் இல்லை. தி.நகரில் ராஜகுமாரி இல்லை, நாகேஷ் தியேட்டர் இருந்த இடத்தில் கல்யாணம் நடக்கிறது. அடையாறில் ஈராஸ் இல்லை. இவையெல்லாம் வீட்டுக்கு நடந்தே திரும்பக்கூடிய தியேட்டர்கள். அந்த இருபது நிமிஷ நடையில்தான் படம் மறுபடி ஒருமுறை ஓடும். இப்போது மாலின் நிலத்தடியில் வண்டியை எடுக்கிறோம், ஆளுக்கொரு பக்கம் போகிறோம்.

ஆகையால் இந்த மன்றத்தாரிடம் ஒரு வேண்டுகோள். படம் போட நீங்கள் படும் பாட்டில் கால்பங்கு, படம் முடிந்த பிறகு நடக்கும் பேச்சுக்கும் படுங்கள். அரங்கத்தை முக்கால் மணி நேரம் கூடுதலாக வாடகைக்கு எடுங்கள். முதலில் பேசும் வாய்ப்பை என்னைப் போன்ற மேடைக்காரர்களுக்குக் கொடுக்காதீர்கள், கடைசி வரிசைக்குக் கொடுங்கள். வந்திருக்கும் இளைஞர்களே, நீங்கள் கைபேசியில் எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள். ஆனால் ஓர் இரவு கழித்து எழுதுங்கள். அடுத்த மாதத் திரையிடலுக்கு வரும்போது, உங்களோடு எதிலும் ஒத்துப்போகாத ஒரு சிநேகிதரைக் கையோடு அழைத்து வாருங்கள். விளக்குப் போட்டதும் எழுந்துவிடாதீர்கள்.