பின்பனி நீரில் தூண்டில்



ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த தமிழர், மாசியையும் பங்குனியையும் பின்பனி என்றனர். தொல்காப்பியம் அதனைப் பாலைக்கு உரியதாக்கியது. ஆயினும், தமிழகத்துச் சமவெளியில் பின்பனி பெரும்பாலும் ஏட்டளவில் வாழ்வதே. மாசியின் விடியற்பொழுதில் சற்றே தலைகாட்டும். பங்குனி பிறந்ததும் வெயில் ஏறிவிடும். அச்சொல்லின் பொருள் முழுமையாக விளங்க வேண்டுமாயின், பனி போயும் போகாமலும் வேனில் வந்தும் வராமலும் கிடக்கின்ற ஒரு நீர்நிலையைக் காணவேண்டும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து வடபகுதியில், டென்னசி ஆற்றின் குறுக்கே 1939இல் கட்டி முடிக்கப்பட்ட அணையால் உண்டான கன்டர்ஸ்வில் ஏரி அத்தகையது. பிப்ரவரித் திங்களில் அங்கே படகேறும் தூண்டிற்காரர்கள் 'பாஸ்' என்னும் மீனைத் தேடிச் செல்கின்றனர். அவர்தம் கலையும், அக்கலைக்குள் கிடக்கும் ஓர் அறவழக்குமே இவ்வுரையின் பொருள்.

பெயரைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலத்தில் பாஸ் எனப்படுவன எல்லாம் ஓரினம் அல்ல. நம் கழிமுகங்களில் அகப்படும் கொடுவாயையும் ஆங்கிலத்தார் ஆசியக் கடற்பாஸ் என்பர். அது வேறு குடும்பம். இதுவோ நன்னீர் மீன். வாயின் அளவைக் கொண்டு பெருவாய்ப் பாஸ், சிறுவாய்ப் பாஸ் என்று பிரித்துப் பேசுவர். பச்சை உடலின் நடுவே கரும்பட்டை ஓடும் பெருவாய்ப் பாஸே இங்குக் கருதப்படுவது. 1932 சூன் 2ஆம் நாள் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்பவர் 22 பவுண்டு 4 அவுன்சு எடையுள்ள பாஸ் ஒன்றைப் பிடித்தார். அச்சாதனை 77 ஆண்டுகள் தனித்து நின்றது. 2009இல் சப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா அதற்கு ஈடான மீனைப் பிடித்தார். இவை இரண்டும் கோடையில் அகப்பட்டவை. பின்பனியின் கதை வேறு.

மீனுக்குத் தனக்கென ஓர் உடற்சூடு இல்லை. நீரின் வெப்பம் எதுவோ, அதுவே அதன் குருதியின் வெப்பம். நீர் 5 பாகை செல்சியசுக்கு இறங்கும்போது அதன் இதயம் மெல்லத் துடிக்கிறது. விழுங்கிய ஓர் இரை செரிப்பதற்கு நாட்கள் பிடிக்கின்றன. கோடையில் நீர்ப்பரப்பைக் கிழித்துக்கொண்டு தவளையின்மேல் பாயும் அதே மீன், இப்போது ஆழத்துப் பாறையோரத்தில் அசையாது நிற்கிறது. அது உறங்குகிறது என்று கருதுவோர் வெறுங்கையோடு வீடு திரும்புவர். அது விழித்திருக்கும் கருமி. துரத்துவதற்குச் செலவாகும் ஆற்றல், இரை தரும் ஆற்றலைவிட மிகுமாயின் அது துடுப்பையும் அசைக்காது. ஆனால் துரத்த வேண்டாத இரை வாயருகே வந்து நின்றால், மறுப்பதும் இல்லை.

அத்தகைய இரையைக் குளிரே அனுப்பிவைக்கிறது. அவ்வேரிகளில் ஷாட் என்னும் சிறுமீன் கூட்டங்கூட்டமாக வாழ்கிறது. நம் மத்திக்குத் தூரத்து உறவு. அதில் ஒருவகை, நீர் ஏறத்தாழ 7 பாகைக்குக் கீழே போனால் தாங்காது. சாகும் ஷாட் ஒருமுறை வெட்டி இழுக்கும். பின்னர் ஒருபக்கமாகச் சாய்ந்து அப்படியே தொங்கும். மீண்டும் ஒரு துடிப்பு. மீண்டும் நெடிய அசைவின்மை. பின்பனியில் பாஸ் உண்ணுவது பெரும்பாலும் இந்தச் சாவை.

தூண்டிற்காரர் செய்வதெல்லாம் அந்தச் சாவை நடித்துக் காட்டுவதே. 'ஜெர்க்பெய்ட்' எனப்படும் மெலிந்த போலி மீன் ஒன்று உண்டு. கோலைச் சுண்டினால் பக்கவாட்டில் வெட்டும். சுண்டுவதை நிறுத்தினால் நீரின் நடுவே நிற்கும். மிதக்கவும் கூடாது, மூழ்கவும் கூடாது. இதில் ஒரு நுட்பம் உளது. நீர் 4 பாகையை நெருங்க நெருங்க அடர்த்தி மிகும் இயல்புடையது. ஆகவே வேனிலில் நடுநீரில் சரியாக நின்ற போலி மீன், பின்பனியில் மெல்ல மேலே எழத் தொடங்கும். சாகும் மீன் அப்படி எழுவதில்லை. எனவே தூண்டிற்காரர் அதன் முட்கள்மீது மெல்லிய ஈயக்கம்பியைச் சுற்றுவர்; அல்லது வயிற்றில் சிறு ஈயத்தகட்டை ஒட்டுவர்; படகோரத்து நீரில் இட்டுப் பார்த்து, மீண்டும் ஒரு சுற்று கூட்டுவர் அல்லது குறைப்பர். விறைத்த விரல்களால் செய்யும் இவ்வேலைக்கே காலைப்பொழுதில் பாதி போய்விடும்.

பிறகு எறிவதும் இரண்டு முறை சுண்டுவதும் எளிய காரியங்கள். அதன்பின் நிறுத்துவதுதான் கடினம். 10 நொடி, 20 நொடி, நீர் மிகக் குளிர்ந்திருந்தால் 30 நொடியும் அதற்கு மேலும். புதியவர்க்கு ஐந்தாவது நொடியிலேயே கை துடிக்கும். ஏதும் நிகழவில்லையே என்று இழுத்துவிடுவார். அவர் இழுத்த அந்தக் கணத்தில், கீழே ஒரு மீன் ஒருமுழத் தொலைவுக்கு வந்து பார்த்துக்கொண்டு நின்றிருக்கக்கூடும். அனுபவம் மிக்கவர் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருப்பார். கவிஞர்கள் கூடிய இந்த அவையில் நிறுத்தத்தின் அருமையை விளக்குவது மிகை. விட்டிசைக்கவேண்டிய இடத்தில் விட்டிசைக்காத சீர் எப்படிக் கெடும் என்பதை உங்களினும் அறிந்தவர் யார்?

மீன் கடிப்பதும் கோடையில்போல் கோலைப் பிடுங்கும் கடி அன்று. அடிக்கும் ஓசை கிடையாது, அதிர்வு கிடையாது. நீரில் தளர்ந்து கிடக்கும் நரம்பு சற்றே பக்கவாட்டில் நகரும், அல்லது அடுத்த சுண்டலின்போது ஈரத்துணியைத் தூக்கியதுபோல் கனக்கும். ஆகையால் அவர்கள் நீரைப் பார்ப்பதில்லை, நரம்பையே பார்க்கின்றனர்.

எங்கே எறிவது என்பதிலும் இப்பருவம் வழக்கத்தைத் தலைகீழாக்குகிறது. மீன்பிடிப்பார் விடியலையே நல்ல வேளையென்பர். பின்பனியில் பிற்பகலே நல்ல வேளை. வடகரையை ஒட்டிய குடாக்கள் தென்வெயிலை வாங்குகின்றன. வாடைக்காற்று அங்கே நீரைக் கலக்குவதில்லை. அங்கு நீர் ஓரிரு பாகை கூடுதலாக இருக்கும்; அதுவே போதும். சாலையோரம் கொட்டிவைத்த கருங்கற்கள் பகலெல்லாம் சூட்டை உண்டு, மாலையில் நீருக்குத் தருகின்றன. சேறு கலந்த நீரும் தெளிந்த நீரைவிட விரைவில் சூடேறும். வெப்பமானியின் எண்ணைவிட, அது எத்திசையில் நகர்கிறது என்பதே பெரிது என்று அவ்வேரியினர் கூறுவர். 7லிருந்து 9க்கு மூன்று நாள் ஏறிய நீர், 12லிருந்து 10க்கு இறங்கிய நீரைவிட மேலானது. கன்டர்ஸ்வில்லில் நீர்ப்பாசிகள் குளிரில் கருகி அடியில் குட்டையாய் நிற்கும். அவற்றின்மேல் சிவப்பு நிறப் போலி இரையை இழுத்து, பாசியில் சிக்கவிட்டு, வெடுக்கென விடுவிப்பர். குளிர் குறையும்போது வளையைவிட்டு வெளிவரும் நன்னீர் நண்டினத்தின் நிறம் அது.

இப்பருவத்துக்குத் தனிப் புகழும் உண்டு. பாஸ் பிடிப்போரின் மிகப்பெரிய போட்டியான பாஸ்மாஸ்டர் கிளாசிக், 2015 பிப்ரவரியில் தென் கரோலினாவின் ஹார்ட்வெல் ஏரியில் கடுங்குளிரில் நடந்தது. வென்றவர் கேசி ஆஷ்லி. அவ்வூர்ப்புறத்தவர், நாட்டுப்புறப் பாடகரும்கூட. அவருக்கு வெற்றி தந்தது தந்தையார் தம் கையால் செய்து கொடுத்த போலி இரை.

இனி அறவழக்கிற்கு வருவோம். பின்பனியில் பெரிய மீன் அகப்படுவது தற்செயல் அன்று. பாஸ் இனத்தில் பெண்ணே பெரியது. நீர் 10 பாகையை எட்டும்போது அவள் ஆழத்தைவிட்டு மேடேறுகிறாள்; வயிற்றில் முட்டை நிறைந்திருக்கிறாள்; ஆண்டிலேயே அவள் மிகக் கனத்திருக்கும் காலம் இது. நீர் 15லிருந்து 18 பாகைக்குள் வரும்போது முட்டையிட்டுவிட்டுப் போய்விடுவாள். கூட்டைத் தோண்டியவனும் ஆண், காப்பவனும் ஆண். நம் குளத்து விரால், குஞ்சுக் கூட்டத்தின் கீழே காவல் நிற்பதைக் கண்ட ஊரார்க்கு இது புதிதன்று. அக்காவலனைத் தூண்டிலில் பிடிப்பதும் நம்மூர்க்காரர்க்குப் புதிதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பிடித்த மீனை விட்டுவிட்டால் பழியில்லை என்பார் உளர். ரே ஸ்காட் தம் போட்டிகளில் மீனை உயிரோடு விடும் வழக்கத்தை 1972இல் கொணர்ந்தார். அது எண்ணற்ற மீன்களைக் காத்தது என்பதில் ஐயமில்லை. பின்பனிக்கு அவ்வாதம் பொருந்தும். குளிர்நீரில் உயிர்வளி மிகுதி; பிடிபட்ட பெண்மீன் விரைவில் தேறி, இரண்டு திங்கள் கழித்து முட்டையிடும். ஆனால் கூட்டின்மேல் நிற்கும் ஆணுக்கு அது பொருந்தாது. அவன் கூட்டைவிட்டு அகன்ற சில நிமிடங்களில் சிறுமீன்கள் முட்டைகளைத் தின்னத் தொடங்கிவிடும். போட்டியில் எடைபோட எடுத்துச்சென்று, பல கல் தொலைவில் விடப்பட்ட ஆணுக்குத் திரும்பிவரக் கூடு ஏது?

இல்லினாய் மாநிலத்து ரிட்ஜ் ஏரியில் 20 ஆண்டுகளுக்கு மேல் நடந்த ஆய்வு ஒன்று இவ்வழக்கை மேலும் கடினமாக்குகிறது. எந்த மீன் எத்தனை முறை தூண்டிலில் அகப்பட்டது என்று கணக்கு வைத்து, எளிதில் அகப்படும் மரபையும் அகப்படாத மரபையும் ஆய்வாளர் தனித்தனியே பெருக்கினர். தூண்டிலில் அகப்படும் இயல்பு பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்குவது என்பது 2009இல் வெளியான முடிவு. எளிதில் அகப்படும் மரபின் ஆண்களே கூட்டை மிகுந்த ஊக்கத்தோடு காப்பவர், மிகுதியான குஞ்சுகளை வளர்த்தெடுப்பவர் என்பது 2012இல் தெரிந்தது. சிறந்த தந்தையே முதலில் தூண்டிலைக் கடிக்கிறான். ஓர் ஏரியில் ஆண்டாண்டாகக் கூட்டின்மேல் தூண்டிலிட்டால், எஞ்சும் மரபு எத்தகையதாய் இருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணம், அங்குக் குடியேறிய தமிழர் பலர் விடுமுறை நாளில் தூண்டிலோடு செல்லும் ஏரிகளை உடையது. அதன் தென்பகுதியில் கூடுகாக்கும் காலம் கழியும்வரை பாஸ் பிடிக்கத் தடை உண்டு. சூனில்தான் பருவம் திறக்கும். அலபாமாவில் அத்தகைய அடைப்புக் காலம் இல்லை. பிப்ரவரி மீன்பிடிப்பைக் குறைசொல்ல இடமில்லை. ஏப்ரலில் கூட்டின்மேல் தூண்டிலிடுவதை அக்கலையோடு ஒன்றாக எண்ணுவதுதான் தகாது. ஒரே ஏரி, ஒரே கோல், ஒரே மீனினம் என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடா.

ஏப்ரலில் கன்டர்ஸ்வில் குடாக்களின் ஓரநீரில் கூடுகள் வெண்தட்டுகள்போல் தெரியும். வாலால் சேற்றை விலக்கி, சரளைக்கல் வெளிப்படத் துலக்கிய வட்டங்கள். ஒவ்வொன்றின் மேலும் ஓர் ஆண் சுற்றி வரும். குஞ்சுகள் பொரிந்து, கரும்புகைபோல் திரண்டு மேலெழுந்த பின்னரும் சில கிழமைகள் அவற்றின் கீழேயே நிற்கும். அந்நாட்களில் அது இரை தேடிப் பெரிதும் அலைவதில்லை. பின்பனியில் 30 நொடி காத்திருந்தும் வாய்திறவாத அம்மீன், இப்போது கூட்டில் எது விழுந்தாலும், இரையே இல்லாத வெறும் ஈயக்குண்டாக இருந்தாலும், அடுத்த நொடியே வாயில் கவ்வி அப்பால் கொண்டுபோய் உமிழ்கிறது.