ராணுவம் துரத்திய வெளிச்சம்

"சுந்தரபாண்டியத்துல எங்க மொட்டை மாடியில இருந்து பார்த்தா, மலைக்கு மேல ஒரு வெளிச்சம் அசையாம நிக்குது. இதையெல்லாம் ராணுவம் விசாரிக்குமா?"னு ஒரு நேயர் கேட்டிருந்தீங்க.

விசாரிச்சிருக்காங்க. லடாக் எல்லையில 2012-13ல நம்ம ராணுவம் இப்படி 329 தடவை வெளிச்சத்தைப் பார்த்துச்சு. அதுல 155 தடவை எல்லைக் கோட்டைத் தாண்டி வந்ததா பதிவு. சீன உளவு ட்ரோன்னு சந்தேகம். கடைசியில இந்திய வானியற்பியல் நிறுவனத்தைக் கூப்பிட்டாங்க. நம்ம காவலூர் தொலைநோக்கிகளை நடத்துறவங்கதான். நட்சத்திரங்களோட ஒப்பிட்டு அது எப்படி நகருதுன்னு குறிச்சுப் பார்த்தா... வியாழனும் வெள்ளியும்!

சிரிக்காதீங்க. 2011 ஜனவரியில ஏர் கனடா துணை விமானி ஒருத்தர், தூங்கி எழுந்த கையோட முதல்ல வெள்ளியை விமானம்னு நினைச்சார்; அப்புறம் எதிர்ல வந்த நிஜ விமானம் மோத வருதுன்னு நினைச்சு மூக்கைக் கீழே அழுத்திட்டார். 16 பேருக்குக் காயம்.

ஆனா 2023 நவம்பர் 19, இம்பால் விஷயம் வேற. அது பட்டப்பகல். விமான நிலையத்துல இருந்தவங்க கண்ணால பார்த்துச் சொல்ல, வான்வெளியையே சில மணி நேரம் மூடினாங்க. ரஃபேல் விமானங்கள் தேடப் போனதா செய்தி. மணிப்பூர் கலவர வருஷம், பக்கத்துல மியான்மர் எல்லை. ஏலியனை விட ட்ரோன் பயம்தான் பெருசு. அந்தச் சின்னப் பொருள் அப்புறம் கண்ல படலைன்னு விமானப்படை சொல்லிருச்சு.

சுந்தரபாண்டியம் நண்பரே, நேரம், திசை, பக்கத்துல இருக்கிற நட்சத்திரம், மூணையும் குறிச்சு அனுப்புங்க. பார்த்துடலாம்.