பணியாளரும் ஊக்கமும்

(நமது சங்கத்தின் வணிகர் குழுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்குழுவின்முன் ஆராய்ச்சிக்கு வைக்கப்பட்டிருக்கும் நகல் தீர்மானத்தைக் காரியதரிசி அவர்கள் சற்றுமுன் படித்துக் காட்டினார்கள். நம்மவர் நடத்தும் கடைகளிலும் பட்டறைகளிலும் சிப்பந்திகள் நேரந்தவறி வருகின்றனர் என்பதும், வேலை பழகியவுடன் விட்டு நீங்குகின்றனர் என்பதும் அதன் முகவுரை. காலந்தாழ்த்து வருவோரிடம் எல்லாக் கடைகளிலும் ஒரே அளவாகத் தண்டம் பிடித்தல் வேண்டும் என்பது முதற்பிரிவு. ஆண்டுக்கு ஒருவரைச் சிறந்த பணியாளரெனத் தேர்ந்து பரிசளித்தல் வேண்டும் என்பது இரண்டாம் பிரிவு. பிடித்த தண்டத் தொகையைச் சங்கக் கட்டட நிதியிற் சேர்த்தல் வேண்டும் என்பது மூன்றாம் பிரிவு. இவற்றை நிறைவேற்றுமுன் இப்பொருள்பற்றி அயல்நாட்டார் ஆராய்ந்து கண்டவற்றைத் தொகுத்துச் சொல்லுமாறு என்னைப் பணித்தனர். கடை நடத்தி அறியாத தமிழாசிரியனை இதற்கு அழைத்தது ஏன் எனச் சிலர் வியக்கலாம். வேலை செய்ய விருப்பமில்லாத நாற்பது பிள்ளைகளிடம் நாள்தோறும் வேலை வாங்குபவன் என்பது பற்றிப் போலும்.

இக்காலத்தில் இத்துறைக்கென்றே மாநாடுகள் கூட்டுகின்றனர். அவற்றை மனிதவள மாநாடுகள் என்கின்றனர். மனிதரை நீர்வளம் கனிவளம் போல ஒரு வளமெனக் கூறும் இச்சொல் எனக்கு உவப்பன்று. ஆயினும் வழங்கிவிட்ட சொல்லை விலக்குதல் எளிதன்று. அம்மாநாடுகளில் 'ஊக்குவித்தல்' என்னும் சொல்லே ஓயாது ஒலிக்கும். திருக்குறளின் அறுபதாம் அதிகாரத்துக்கு 'ஊக்கமுடைமை' என்பது பெயர். ஊக்கம் என்பது ஒருவன் தன்னிடத்தே உடைய பொருள். பிறர் அளந்து கொடுக்கும் பொருளன்று. அதனை நாம் ஊட்டுவது எங்ஙனம் என்று வினவுவதினும், அவனிடத்து இருந்ததை நாம் எங்கே அழித்தோம் என்று வினவுதல் பொருத்தமாகும். யான் சொல்லப்போகும் ஆராய்ச்சிகளிற் பலவும் இவ்விரண்டாம் வினாவுக்கே விடையளிக்கின்றன.

முதலிற் கூலியைப் பேசிவிடுவோம். கூலியைப் பேசாமல் ஊக்கத்தைப் பேசுதல் பசித்தவனுக்கு இலை மட்டும் போடுவதாகும். ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் ஹைலண்டு பார்க் என்னுமிடத்தில் ஹென்றி ஃபோர்டின் மோட்டார் தொழிற்சாலை இருந்தது. 1913ஆம் ஆண்டில் அங்கே நகரும் கோர்ப்பு வரிசை அமைக்கப்பட்டது. வண்டி தொழிலாளியிடம் நகர்ந்து வரும். அவன் நின்ற இடத்தில் நின்று ஒரே திருகாணியை நாள்முழுதும் முறுக்குவான். வேலை எளிதாயிற்று, மனிதர் நிலைக்கவில்லை. ஏறக்குறைய 14,000 பேர் கொண்ட தொழிற்சாலையை நடத்துவதற்கு அவ்வாண்டில் 52,000 பேருக்கு மேல் புதிதாகச் சேர்க்க நேர்ந்தது. ஓரிடத்துக்கு ஆண்டொன்றில் ஏறக்குறைய நால்வர் வந்து போயினர் என்பது இதன் பொருள். நம் தீர்மானத்தின் முகவுரையை ஃபோர்டு கண்டிருப்பாராயின் நகைத்திருப்பார்.

அவர் தண்டம் விதித்தாரில்லை. 1914 ஜனவரி 5ஆம் நாள், நாட்கூலி 5 டாலர் எனவும், வேலை நேரம் ஒன்பது மணியினின்று எட்டு மணியாகக் குறையும் எனவும் அறிவித்தார். அதற்குமுன் கூலி ஏறக்குறைய 2.34 டாலரே. வேலை வேண்டித் தொழிற்சாலை வாயிலில் பல்லாயிரவர் திரண்டனர். கடுங்குளிரில் அவர்கள்மீது நீரைப் பாய்ச்சிக் கலைத்த நிகழ்ச்சியும் உண்டு. விட்டு நீங்குவோர் தொகையோ இரண்டே ஆண்டுகளில் முன்னிருந்ததன் சிறுகூறாகக் குறைந்தது. ஆட்களைப் பழக்குதற்கும் இழப்பதற்கும் ஆன செலவு மிஞ்சிற்று.

ஆனால் இக்கதையை முழுதும் கேட்டல் வேண்டும். அந்த 5 டாலரில் ஒரு பாதிதான் கூலி. மற்றது இலாபப் பங்கு. அப்பங்கைப் பெறுதற்குத் தொழிலாளி தகுதியுடையவனா என்று பார்க்க ஒரு தனிப் பகுதியை நிறுவினர். அதன் ஆட்கள் வீடுதோறும் சென்று, அவன் குடிக்கிறானா, பணம் சேர்க்கிறானா, வீடு தூய்மையாக உள்ளதா என்று விசாரித்தனர். கூலியைக் கூட்டியவரைத் தொழிலாளர் வாழ்த்தினர். சமையலறையை எட்டிப் பார்த்தவரை வெறுத்தனர். 1922ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில், பணியாளரின் சொந்த வாழ்வில் நுழைந்து பார்க்கும் முறைக்குத் தொழிலில் இடமில்லை என ஃபோர்டே எழுதலாயினர். சிப்பந்தி ஞாயிற்றுக்கிழமை எங்கே போனான், யாரோடு சேர்கிறான் என்று கேட்கும் பழக்கம் நம்மிற் சிலர்க்கும் உண்டு. அவர் பெயர்களை யான் சொல்லமாட்டேன்.

இனித் தண்டத்துக்கு வருவோம். இஸ்ரேல் நாட்டு ஹைஃபா நகரில் குழந்தைக் காப்பகங்கள் பத்தை எடுத்துக்கொண்டு உரி நீசி, ஆல்டோ ருஸ்டிக்கினி என்னும் பொருளியல் அறிஞர் இருவர் ஓர் ஆராய்ச்சி செய்தனர். அது 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. மாலையிற் குழந்தைகளை அழைத்துச் செல்லப் பெற்றோர் காலந்தாழ்த்து வருவர், ஆசிரியை காத்திருப்பாள். முதல் நான்கு வாரம் ஒன்றும் செய்யாது எண்ணிக்கை மட்டும் எடுத்தனர். பின்னர் ஆறு காப்பகங்களில், பத்து நிமிஷத்துக்கு மேல் தாழ்த்தால் பத்து ஷேக்கல் தண்டம் என்று அறிவித்தனர். தாழ்த்து வருவோர் குறைந்தனரா? கூடினர், சில வாரங்களில் ஏறக்குறைய இரட்டித்தனர். தண்டமில்லாத நான்கு காப்பகங்களில் அவ்வாறு நிகழவில்லை.

காரணம் யாதெனின், முன்பு தாழ்த்து வருதல் ஆசிரியைக்குச் செய்யும் குற்றமாயிருந்தது, வந்தவர் நாணினர். தண்டம் வந்தபின் அது விலைகொடுத்து வாங்கும் சரக்காயிற்று. பணம் கொடுத்தவன் நாணுவானேன்? இதனினும் கருதத்தக்கது ஒன்றுண்டு. பதினேழாம் வாரத்தில் தண்டத்தை நீக்கினர். அப்பொழுதும் தாழ்ப்பு பழைய அளவுக்குத் திரும்பவில்லை. போன நாணம் போனதே. இன்று இத்தீர்மானத்தை நிறைவேற்றிவிட்டு, பயனில்லையெனின் அடுத்த ஆண்டு நீக்கிவிடலாம் என்று கருதுவோர் இதனை உளங்கொள்ள வேண்டுகிறேன்.

பெற்றோர் வேறு, சம்பளம் வாங்குவோர் வேறு எனலாம். தண்டம் சிறிதாயிற்று, பெரிதாயின் அஞ்சுவர் எனவும் கூறலாம். இரண்டும் தக்க தடைகளே. இரண்டாவதற்குச் சட்டம் விடை கூறுகின்றது. 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டப்படி, ஒரு சம்பளக் காலத்தில் ஒருவர்மீது விதிக்கும் தண்டம் அவர் ஊதியத்தில் நூற்றுக்கு மூன்றுக்கு மேற்படலாகாது. திங்கட்சம்பளம் 12,000 ரூபாயாயின் 360 ரூபாய்க்கு மேல் தண்டமில்லை. அவர் காரணம் கூற இடங்கொடுத்த பின்னரே விதித்தல் வேண்டும். பிடித்த தொகை பணியாளரின் நன்மைக்கே செலவாதல் வேண்டும். இக்கருத்துக்கள் 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கற் சட்டத்திலேயே உள்ளவை. வேலை செய்யாத நேரத்துக்குரிய கூலியை அளவாகக் கழித்தல் வேறு; தண்டம் வேறு. ஆதலின் கட்டட நிதிக்குத் தண்டப் பணம் என்னும் மூன்றாம் பிரிவு சட்டத்துக்கு மாறானது. சிப்பந்தியின் தண்டத்தால் எழுந்த மண்டபத்தில் அவன் பிள்ளையின் திருமணத்தை நடத்த அவனையே வாடகை கேட்போம் அல்லமோ?

பரிசைப்பற்றி ஒரு சொல். ஆசிரியனாதலின் குழந்தைகளைப் பற்றிய ஆராய்ச்சி எனக்கு நெருங்கியது. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பட் என்னும் மூவர் வெளியிட்ட ஆராய்ச்சி அது. ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையின் மழலையர் பள்ளியில், வண்ணப் பேனாவால் படம் வரைவதைத் தாமாகவே விரும்பிய குழந்தைகளை மூன்று கூட்டமாக்கினர். ஒரு கூட்டத்தாரிடம் வரைந்தால் பொன்முத்திரையும் நாடாவும் உள்ள நற்சான்று தருவோம் என்று முன்னரே கூறித் தந்தனர். ஒரு கூட்டத்தார்க்குச் சொல்லாமல் பின்பு தந்தனர். ஒரு கூட்டத்தார்க்கு ஒன்றுமில்லை. சில நாள் கழித்துப் பேனாக்களை வாளா வைத்துவிட்டுப் பார்த்தபொழுது, முன்னரே கூறிப் பரிசு பெற்றோர் மற்றையோரில் ஏறக்குறைய பாதியளவு நேரமே வரைந்தனர். விளையாட்டு கூலிவேலையாயிற்று. பன்னிருவர் வேலை செய்யும் கடையில் ஒருவனைச் சிறந்தவன் என மாலையிட்டால், பதினொருவர் அம்மாலையைப் பார்த்துக்கொண்டிருப்பர் என்பதையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

நிற்க. இத்துறையிற் பெரும்புகழ் பெற்ற ஆராய்ச்சி ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. சிகாகோ நகரை அடுத்த சிசரோவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் தொழிற்சாலை இருந்தது. தொலைபேசிக் கருவிகள் செய்யுமிடம். 1924இல் விளக்கொளியைக் கூட்டினால் வேலை கூடுமா என்று பார்க்கத் தொடங்கி, தெளிவான முடிவு காணாது மயங்கினர். 1927இல் ரிலே என்னும் கருவியைக் கோக்கும் பெண்கள் சிலரைத் தனியறையில் இருத்தினர். இடையே ஓய்வு கொடுத்தனர், சிற்றுண்டி கொடுத்தனர், வேலை நேரத்தைக் குறைத்தனர், வேலை கூடிற்று. பின் எல்லாவற்றையும் நீக்கினர். அப்பொழுதும் வேலை குன்றவில்லை. அவர்களைக் கலந்து பேசி மதிப்பாக நடத்தியதே காரணம் என்று எல்ட்டன் மேயோ முதலியோர் கூறினர். மாநாடுகளில் இதனைச் சொல்லிக் கைதட்டுப் பெறுவோர் பலர். அப்பெண்களுள் இருவரை வாயாடுகின்றனர் என்று நடுவே மாற்றியதையும், கூலிக் கணக்கைச் சிறு கூட்டத்துக்கென மாற்றியதையும் அவர்கள் சொல்வதில்லை. 1967இல் அலெக்ஸ் கேரி என்பார் இவற்றை எடுத்துக்காட்டி வன்மையாக மறுத்தார். ஆதலின் இனிய சொல் ஒன்றே போதும், கூலி வேண்டா என்று இதனின்று கொள்ளுதல் பிழை.

எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அதே தொழிற்சாலையின் மற்றோர் அறை. 1931 முதல் 1932 வரை, கம்பி கட்டும் ஆடவர் பதினால்வரை வேறொருவர் ஓரத்திலமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மிகுதியாகச் செய்தால் மிகுதியான கூலி என்பது அங்குள்ள திட்டம். ஆயினும் நாளைக்கு இரண்டு கருவி போதும் என அவர்கள் தமக்குள் ஓர் அளவு வகுத்திருந்தனர். மிஞ்சிச் செய்பவனை மற்றையோர் வைதனர், தோளிற் குத்தினர். குறைவாகச் செய்பவனையும் விட்டாரில்லை. மேஸ்திரியிடம் கோள் சொல்பவனை எல்லாரினும் வெறுத்தனர். இது சோம்பலன்று. மிகுதியாகச் செய்துகாட்டினால் முதலாளி கூலி வீதத்தைக் குறைப்பான், அல்லது நம்மில் சிலரை நீக்குவான் என்பது அவர்கள் அச்சம். அக்காலம் பெரும் பொருளாதார முடையின் காலம். அச்சம் வீணெனக் கூறவியலாது. நம் கடைகளில், விற்பனை கூடிய திங்களை அடுத்து இலக்கை உயர்த்தியவர் உளராயின், சிப்பந்திகள் ஏன் அளந்து வேலை செய்கின்றனர் என்பதற்கு விடை அங்கே இருக்கின்றது.

அத்தொழிற்சாலையார் 1928 முதல் 1930 வரை 21,000 பேருக்கு மேற்பட்ட பணியாளரை நேரிற் கண்டு பேசினர். முதலில் எழுதிவைத்த கேள்விகளைக் கேட்டனர். விடைகள் கேள்வியை விட்டு விலகிச் செல்லவே, பிறகு அவர்கள் விரும்பியதைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தனர். நம் காரியதரிசி அவர்கள் தயாரித்த தீர்மானத்தில் இத்தகைய ஒரு வரியும் இல்லை. சிப்பந்தி ஏன் தாழ்த்து வருகிறான் என்று எத்தனை கடையில் கேட்டோம்? கடை திறக்கும் நேரத்துக்குப் பின்னரே அவன் ஊரின் முதற் பேருந்து வந்துசேருமாயின், எத்தண்டம் அப்பேருந்தை விரைவிக்கும்?

நம் நாட்டுச் சான்று ஒன்றும் தருகிறேன். ஆமதாபாத்தில் காலிகோ ஆலையில் தானியங்கித் தறிகளை அமைத்தும் எதிர்பார்த்த விளைவு வரவில்லை. 1953இல் லண்டன் டாவிஸ்டாக் நிலையத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் என்பார் அங்கே வந்து பார்த்தார். ஏறக்குறைய முப்பதின்மர் பன்னிரண்டு வகை வேலையாகப் பிரிந்து, யார் எத்தறிக்குப் பொறுப்பு என்பது விளங்காது நின்றனர். சில தறிகளுக்கு ஒரு சிறு கூட்டம் பொறுப்பு என்னும் கருத்தை அவர் சொல்லவே, தொழிலாளர் தாமே கலந்து தம் கூட்டங்களை அமைத்துக்கொண்டனர். தொடக்கத்தில் இடர்ப்பட்டும், பின்னர் துணியின் அளவும் தரமும் உயர்ந்தன. 1970இல் மில்லர் என்பார் மறுபடி சென்று ஆராய்ந்தபொழுது, ஒரு தறிக்கூடத்தில் அம்முறை நிலைத்திருக்கக் கண்டார். வேறு கூடங்களிற் பழைய முறை தலைகாட்டியிருந்தது.

ஆதலின் குழுவினரை யான் வேண்டுவது இது. முதற்பிரிவையும் மூன்றாம் பிரிவையும் அடித்துவிடுங்கள். இரண்டாவதை ஓராண்டு ஒத்திவையுங்கள். அவற்றுக்கு மாறாக, அடுத்த கூட்டத்துக்குமுன் ஒவ்வொரு கடையினரும் மூன்று செய்தி எழுதிவருதல் வேண்டும்: கடந்த ஓராண்டில் விட்டு நீங்கியவர் எத்தனை பேர், அவர் இன்று எங்கே என்ன சம்பளத்தில் இருக்கின்றனர், அவரே சொன்ன காரணம் யாது. கடை திறக்கும் முறையை ஒரு திங்கள் சிப்பந்திகளே தமக்குள் வகுத்துக்கொள்ள விட்டுப் பார்க்க இசைபவர் இருவர் மூவர் இருப்பின், இன்றே பெயர் கொடுக்கலாம். குறிப்பேடு காரியதரிசி அவர்களிடம் இருக்கின்றது.