நம் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியுமா?

 

தமிழகத் தொடக்கப்பள்ளிகளில் எந்தப் பிள்ளையும் தோல்வி என்று நிறுத்தி வைக்கப்படுவதில்லை. ஆகவே 'தேர்ச்சி' என்ற சொல்லைக் கண்டதும் நாம் மனநிறைவு கொள்கிறோம். பிள்ளைக்கு வாசிக்கத் தெரியுமா என்று கேட்பதில்லை.

2021 நவம்பர் 12 அன்று தேசிய அடைவு ஆய்வு நடைபெற்றது. 2025 பிப்ரவரியில் தமிழக அரசும் 3, 5, 8 ஆம் வகுப்புகளுக்கு அத்தகைய தேர்வை நடத்தியது. இவை பள்ளிகளையும் மாவட்டங்களையும் எடைபோடுபவை. நம் வீட்டுப் பிள்ளையின் நிலையைத் தனியே நமக்குச் சொல்லமாட்டா. 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமோ பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்துக் கற்பிக்க ஏற்பட்டது. தம் பிள்ளை எந்நிலையில் உள்ளது என்று ஆசிரியரிடம் கேட்டறியலாம்.

ஆனால் விடியுமுன் ஜீப்பில் ஏறி, மலை கடந்து ஏலத்தோட்டம் சென்று, இருட்டும் வேளையில் திரும்பும் தாய்மார்கள் எப்போது போய்க் கேட்பார்கள்? அப்பிள்ளைகளுக்கு ஜமாஅத்தே பொறுப்பு. குர்ஆனைத் தடையின்றி ஓதும் பிள்ளை தமிழ்ப் பத்தியில் திணறுவதை மக்தபில் காண்கிறோம். பத்ருக் கைதிகளில் எழுத்தறிந்தோர் மதீனாச் சிறுவர்க்குக் கற்பித்து விடுதலை பெற்றதாகச் சீறா நூல்கள் கூறும். கற்பித்தவர்கள் முஸ்லிம்கள் அல்லர் என்பதையும் கவனியுங்கள்!

இன்ஷா அல்லாஹ், மஃரிபுக்குப் பின் மக்தபில் அரைமணி நேரம் தமிழ் வாசிப்பு நடைபெறும். பிள்ளைகளிடம் தமிழ்ப் பாடநூலையும் கொடுத்தனுப்புங்கள். கல்லூரியில் பயிலும் நம் மஹல்லா இளைஞர்கள் உடன் அமர்ந்து, ஒவ்வொருவராக வாசிக்கச் செய்வார்கள்.