தறி நின்றால் போய்க் கேட்போம்

(பெரிய காஞ்சிபுரத்தில் நெசவாளர்கள், ஆலைத் தொழிலாளர்கள், விவசாயத் தொழிலாளர்கள் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)

கூலி உயர்வைப் பற்றியும் போனஸைப் பற்றியும் நாம் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். இன்று பேச வந்திருப்பது, வெளியே சொன்னால் வெட்கம் என்று வீட்டுக்குள் பூட்டி வைக்கிற விஷயம். உழைக்கிற மனிதரின் மனம் உடைந்து போவதைப் பற்றித்தான் சொல்கிறோம்.

ஆலையில் ஒருவர் நான்கு நாள் வராவிட்டால் பக்கத்து மிஷினில் நிற்பவர் விசாரிப்பார். நடவுக்கு ஒரு பெண் வராவிட்டால் வரிசையில் அவர் இடம் காலியாகத் தெரியும். நெசவாளிக்கு அப்படியில்லை. அவர் வீடே பட்டறை. காலையில் குழித்தறியில் இறங்கினால் மாலை வரை அந்தக் குழிதான் உலகம். பிள்ளையார்பாளையத்துத் தெருவில் ஒரு வீட்டுத் தறிச் சத்தம் நின்று போனால், பாவு கிடைக்காமல் நின்றதா, மனம் ஓடாமல் நின்றதா என்று யார் உள்ளே போய்க் கேட்கிறார்கள்?

கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா வேண்டும், நெய்ய இரண்டு பேர் வேண்டும். கூட உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளுவது பல வீடுகளில் மனைவிதான். தார் சுற்றுவதும் அவர், உலை வைப்பதும் அவர், கடன்காரருக்குப் பதில் சொல்வதும் அவர். தனிக் கூலி அவருக்கு இல்லை. வீட்டுக்காரர் முகம் இருண்டு கிடப்பதை முதலில் பார்ப்பவர் அவரே. அவர் முகம் இருண்டு கிடந்தால் பார்ப்பதற்கு யார் இருக்கிறார்கள்?

இந்த இருட்டு எங்கிருந்து வருகிறது? தலைவிதி என்பார்கள், கிரகம் என்பார்கள். நாம் கணக்கைப் பார்ப்போம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தறிக்குழியில் நீர் ஊறினால் வேலை இல்லை. தங்கம் விலை ஏறினால் ஜரிகை விலை ஏறுகிறது, சேலை தேங்குகிறது, முதலாளி பாவு தர மறுக்கிறார். 2020 மார்ச்சில் நாடெங்கும் ஊரடங்கு வந்து கல்யாணங்கள் நின்றபோது பட்டுக்கு ஆள் இல்லை. ஆனால் வாங்கிய முன்பணம் மட்டும் ஊரடங்குக்கு அடங்கியதா? இல்லை, வட்டியோடு வளர்ந்தது. ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒப்பந்த வேலைக்குப் போன நம் பிள்ளைகளுக்கோ, நாளைக்கு வேலை உண்டா என்ற பயம். ராத்திரி ஷிப்டு முடிந்து வந்தாலும் தூக்கம் வருவதில்லை.

2021-ல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,64,033 பேர் என்று மத்திய அரசின் குற்ற ஆவணக் காப்பகமே கணக்குச் சொல்கிறது. அதில் தினக்கூலிகள் மட்டும் 42,004 பேர். நான்கில் ஒருவர் நம்மவர், தோழர்களே! இதைக் கோழைத்தனம் என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்லட்டும்.

இங்கே ஒரு தோழர் கேட்கக்கூடும்: "ஆறுதல் சொன்னால் கடன் தீருமா?" நியாயமான கேள்வி. தெலங்கானாவில் சிரிசில்லா என்ற விசைத்தறி ஊர் இருக்கிறது. தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து அங்கே நெசவாளர்கள் அடுத்தடுத்து உயிரை விட்டார்கள். 2017-க்குப் பிறகு பதுக்கம்மா பண்டிகைக்கான இலவசச் சேலைகளை அரசு அந்தத் தறிகளுக்கே ஆர்டராகக் கொடுத்தது, வீடுகளில் அடுப்பு எரிந்தது. ஆட்சி மாறி ஆர்டர் தடைப்பட்டதும் 2024-ல் மறுபடி சாவுச் செய்திகள் வந்தன. ஆகவே வேலையும் கூலியும்தான் முதல் மருந்து என்பதில் நமக்கு ஐயமில்லை. அதற்கான போராட்டத்தை ஒரு நாளும் நிறுத்தப் போவதில்லை.

நிற்க. அந்தப் போராட்டம் வெல்லும் வரை நம் தோழர் உயிரோடு இருக்க வேண்டாமா?

உலக சுகாதார நிறுவனம் ஐந்து ஊர்களில் ஒரு சோதனை நடத்தியது. அதில் நம் சென்னையும் கொழும்பும் உண்டு. முடிவு 2008-ல் வெளிவந்தது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று ஆஸ்பத்திரிக்கு வந்து பிழைத்தவர்கள் 1,867 பேர். இவர்களில் ஒரு பாதிக்கு வழக்கமான வைத்தியம் மட்டும். மறு பாதியினருடன் கூடுதலாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். அவர்கள் வீடு திரும்பிய பின் பதினெட்டு மாதத்தில் ஒன்பது தடவை நேரிலோ போனிலோ, எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்தார்கள். வழக்கமான வைத்தியம் மட்டும் பெற்றவர்களில் 18 பேர் பின்னர் தற்கொலையில் இறந்தார்கள். தேடிப் போய் விசாரிக்கப்பட்டவர்களில் இரண்டே பேர்! விலை உயர்ந்த மருந்தும் இல்லை, பெரிய யந்திரமும் இல்லை. சந்தா வசூலுக்கு வீடு வீடாகப் போகத் தெரிந்த நம் சங்கத்தால் இது முடியாதா?

போகிறவர்கள் சில விஷயங்களை மனத்தில் வைக்க வேண்டும். டீக்கடைக்கு வருவதை நிறுத்தியவர், சாப்பாடு குறைந்தவர், தூங்காதவர், புதிதாகக் குடிக்கத் தொடங்கியவர், "நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி" என்று பேசுகிறவர், இவர்களிடம் போங்கள். புத்தி சொல்லாதீர்கள். "ஊரில் உனக்கு மட்டுமா கஷ்டம்?" என்ற பேச்சை வாசலிலேயே விட்டுவிட்டுப் போங்கள். அவர் பேசட்டும், நீங்கள் கேளுங்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள், அரசு ஆஸ்பத்திரிக்குக் கூடவே போங்கள். 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் காசில்லாமல் போன் செய்யலாம், தமிழிலேயே பேசுவார்கள். பைத்தியம் என்ற சொல்லை நம் வாயிலிருந்து எடுத்துவிடுவோம். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து வைத்தியத்தைத் தள்ளிப் போடவும் வேண்டாம். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை என்று சொல்கிறது.

முன்பணம் கொடுத்தவர் மிரட்டினால் அவரிடம் அந்தத் தோழர் தனியே போகக் கூடாது, நாலு பேராகப் போவோம். கடனைக் காட்டி ஒருவரை வேலையில் கட்டிப் போடுவது 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். நாலு பேர் கூட நிற்கிறார்கள் என்று தெரிந்தாலே அன்றிரவு அவருக்குப் பாதித் தூக்கமாவது வரும்.

கூட்டம் முடிந்ததும் தெருவுக்கு இரண்டு பேர், ஒரு தோழரும் ஒரு பெண் தோழரும், இங்கே மேஜையில் பெயர் கொடுக்க வேண்டும். சேரிப் பகுதிக்கும் கழனி வேலைக்காரர் தெருவுக்கும் அப்படியே. முதலில், இந்த மாதம் எந்தெந்த வீட்டில் தறி ஓடவில்லை என்று பட்டியல் எடுப்போம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி கூடுவோம்.