அம்புலன்ஸ் உத்தியோகமும் அந்நிய நாட்டு அங்கீகாரமும்
(ஹட்டனில் சங்க மண்டபத்தில் நிகழ்த்திய பேச்சு)



நான் தோட்டத்து டிஸ்பென்சரியில் வைத்திய உதவியாளனாக உழைத்து ஓய்வு பெற்றவன். இராக்காலத்தில் லயத்தில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால் கொழுந்து லொறியில் படுக்க வைத்து டிக்கோயாவுக்கு அனுப்பிய காலத்தை இங்குள்ள பெரியோர்கள் அறிவார்கள். இன்று 1990 என்று தொலைபேசியில் அழைத்தால் அம்புலன்ஸ் வருகிறது. இந்திய அரசின் நன்கொடையுடன் 2016ஆம் ஆண்டில் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் 88 வண்டிகளோடு ஆரம்பமான ‘சுவசெரிய’ சேவை, பின்னர் நாடெங்கும் பரவியது. அந்த வண்டியில் வேலை செய்யும் நம் பிள்ளைகளில் சிலர், “ஐயா, இதே வேலையை வெளிநாட்டில் செய்யலாமா?” என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள். செய்யலாம். ஆனால் கையிலுள்ள சான்றிதழைக் காட்டிய மாத்திரத்தில் செய்ய முடியாது.

முதலில் பெயரைக் கவனியுங்கள். இலங்கையில் ‘பராமெடிக்கல்’ என்றால் மருந்தாளர், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், எக்ஸ்ரே எடுப்பவர், இயன்மருத்துவர் ஆகியோரையே குறிக்கிறோம். அவர்கள் வேலைநிறுத்தம் செய்தால் பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதுகின்றன. இங்கிலாந்திலோ ‘பராமெடிக்’ என்பவர் அம்புலன்ஸில் சென்று உயிர் காப்பவர் ஒருவரே. ஆய்வுகூடத்தில் பயின்ற பிள்ளை ‘பராமெடிக்’ என்று எழுதி விண்ணப்பித்தால், தவறான கதவைத் தட்டியதாகவே முடியும். அம்புலன்ஸில் வேலை செய்யும் பிள்ளைக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. இங்கே அவர் வகிக்கும் பதவி அவசர மருத்துவத் தொழில்நுட்பவியலாளர் என்பது. அயர்லாந்தில் அந்தப் பதவி முதற்படி. பராமெடிக் அடுத்த படி. உயர்நிலைப் பராமெடிக் அதற்கும் மேற்பட்ட படி. ஆகவே எந்தப் படிக்கு விண்ணப்பிக்கிறோம் என்று தெரிந்துகொண்டே எழுத வேண்டும்.

இரண்டாவது, வேலை கொடுப்பவர் வேறு, அனுமதி கொடுப்பவர் வேறு. இங்கிலாந்தில் சுகாதார, பராமரிப்புத் தொழில்களுக்கான சபை ஒன்று இருக்கிறது. அதன் பதிவேட்டில் பெயர் ஏறாதவர் தன்னைப் பராமெடிக் என்று சொல்லிக்கொள்வதே குற்றம். 2021 செப்டெம்பர் முதல் அந்நாட்டில் இத்தொழிலுக்குப் புதிதாகப் பயில்வோர் பட்டப்படிப்பே முடிக்க வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர் ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையில் மொத்தம் 7 புள்ளியும், எந்தப் பகுதியிலும் 6.5க்குக் குறையாமலும் பெற வேண்டும். அவுஸ்திரேலியாவிலும் 2018 டிசெம்பர் முதல் தனிச் சபை ஒன்று இத்தொழிலைப் பதிவு செய்து வருகிறது. இச்சபைகள் சான்றிதழின் பொன்னெழுத்துக்களைப் பார்த்துத் திருப்தியடைவதில்லை. எத்தனை மணிநேரம் வகுப்பு, எத்தனை மணிநேரம் வண்டியில் பயிற்சி, எந்த மருந்துகளைக் கொடுக்கக் கற்றீர்கள் என்று பாடத்திட்டத்தைத் தங்கள் விதிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றன.

வளைகுடா நாடுகளின் முறை சற்று வேறு. துபாய், கட்டார், சவூதி ஆகிய இடங்களில் ‘டேட்டாஃப்ளோ’ என்ற நிறுவனம் நீங்கள் பயின்ற இடத்துக்கும் வேலை செய்த இடத்துக்கும் நேரடியாக எழுதி, சான்றிதழ் மெய்தானா என்று விசாரிக்கிறது. இங்குள்ள அலுவலகம் பதில் எழுதாவிட்டால் உங்கள் காரியம் அங்கே அசையாது. அதற்காக அந்த அலுவலகத்துக்குப் பத்து முறை நடக்க நேர்ந்தாலும் நடக்கத்தான் வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு வாலிபர் இதையெல்லாம் அறியாமல் போனவர். தரகர் ஒருவர் ‘அம்புலன்ஸ் வேலை’ என்றார்; தாயார் நகையை அடகு வைத்தார். அங்கே பதிவு இல்லாத காரணத்தால் நோயாளியின் சக்கர நாற்காலியைத் தள்ளும் வேலையே கிடைத்தது. இரண்டு வருடச் சம்பளம் அடகு மீட்கப் போயிற்று. அவரை நான் குறை சொல்லமாட்டேன். என் சான்றிதழுங்கூடத் தோட்டத்து எல்லைக்குள்தான் செல்லுபடியாயிற்று. இளமையில் அதை எடுத்துக்கொண்டு பட்டணத்து வைத்தியசாலை ஒன்றில் வேலை கேட்டேன். “இது இங்கே கணக்கில் சேராது” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் கடல் தாண்டவில்லை, கினிகத்தேனைக் கணவாயைத்தான் தாண்டினேன்!

மூன்றாவது காரியந்தான் நம் தோட்டத்துப் பிள்ளைகளை அதிகம் வருத்துவது. பிறப்புப் பத்திரத்தில் தகப்பனார் பெயர் ராமசாமி, பாடசாலைச் சான்றிதழில் ராமஸ்வாமி, அடையாள அட்டையில் வெறும் முதலெழுத்து. அந்தக் காலத்தில் தோட்டக் கிளாக்கர் ஐயா காதில் விழுந்தபடி எழுதிக் கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாத நம் பெற்றோர் கைநாட்டு வைத்தார்கள். அந்நிய தேசத்து அதிகாரிக்கு இது இரண்டு ஆட்களின் பத்திரமாகத் தோன்றும். பெயரைத் திருத்த மாதக்கணக்கில் ஆகலாம். ஆகவே கடவுச்சீட்டு எடுப்பதற்கு முன்பே பதிவாளரிடம் போய் இதைச் சரிசெய்யுங்கள்.

பயிற்சியில் இருக்கும்போதே பாடத்திட்டத்தின் பிரதியை முத்திரையிட்டு வாங்கி வையுங்கள். எத்தனை மணிநேரம் கடமை செய்தீர்கள் என்று மாதந்தோறும் மேலதிகாரியின் கையொப்பம் பெறுங்கள். பல வருடம் கழித்துக் கேட்டால், கையொப்பமிட வேண்டியவர் மாற்றலாகிப் போயிருப்பார். எந்த நாட்டுக்குப் போனாலும் பணம் கட்டுமுன், அந்நாட்டுச் சபைக்கு நீங்களே எழுதிக் கேளுங்கள். தரகரின் அனுமதிப்பத்திரம் உண்மையா என்பதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரிக்கலாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பதிவு கிடைக்க ஒரு வருடம் ஆனாலும் மகனை அவசரப்படுத்தாதீர்கள். அதுவரை அவன் மஸ்கெலியாவிலோ நோர்வூட்டிலோ வண்டியில் ஏறிச் செய்யும் வேலை வீண்போவதில்லை. அனுபவக் கணக்கில் அதுவும் சேரும்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே மண்டபத்தில் இருப்பேன். பிறப்புப் பத்திரம், பாடசாலைச் சான்றிதழ், அடையாள அட்டை மூன்றையும் கொண்டு வாருங்கள். பெயர்கள் ஒத்திருக்கின்றனவா என்று சேர்ந்து பார்ப்போம். மூலப் பத்திரங்களையே கொண்டு வாருங்கள். போட்டோப் பிரதியில் எழுத்து என் கண்ணுக்குத் தெரிவதில்லை.